கப்பல் காத்திராது, கையெழுத்தும் காத்திருக்க வைக்கக் கூடாது

கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் அயல்நாட்டுக் கப்பல் பணியாளர்களுக்காக, பூச்சோங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரக் குடிமக்கள் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: உள்துறை அமைச்சு, போக்குவரத்து அமைச்சு, மலேசியக் குடிநுழைவுத் துறை, எல்லைக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பையும் கவனிக்கும் ஏ.கே.பி.எஸ். நிறுவனம், மலேசியக் கடல்துறை, கிள்ளான் துறைமுக வாரியம்.

நாங்கள் பூச்சோங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குடியிருப்பவர்கள். விடியுமுன் கன்டெய்னர் லாரியை எடுத்துக்கொண்டு கெசாஸ் நெடுஞ்சாலை வழியே துறைமுகத்துக்குப் போகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். சரக்கு அனுப்பும் அலுவலகங்களில் தாள் வேலை பார்ப்பவர்கள், கிடங்குகளில் காவல் இருப்பவர்கள், கப்பல் சமையலறைக்கு அரிசியும் காய்கறியும் ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைக் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டு, அவன் எந்தக் கடலில் இருக்கிறான் என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். துறைமுகம் ஓடினால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். அங்கே நடப்பதைக் கேட்கும் உரிமையும் எங்களுக்கு உண்டு.

1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறக்கப்பட்டு, 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய இந்தத் துறைமுகத்தில்தான் எங்கள் தாத்தா பாட்டிகளில் பலர் மண்ணை மிதித்தார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ரஜூலா கப்பல் ஏறி வந்து, தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் நாள் கழித்துவிட்டு, தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் போனவர்கள் அவர்கள். இன்று அதே துறைமுகம் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. இருபதடிப் பெட்டிக் கணக்கில் 2023-இல் மட்டும் 1 கோடியே 40 லட்சம் கன்டெய்னர்களைக் கையாண்டது. அந்தப் பெட்டிகளைக் கடல் தாண்டிக் கொண்டுவருபவர்கள் பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, மியன்மார், வங்காளதேசம், சீனா, இந்தியா என்று பல நாட்டவர். தூத்துக்குடி, இராமநாதபுரம், கன்னியாகுமரிக்காரர்களும் அவர்களில் உண்டு.

இவர்களுக்கு என்ன தரவேண்டும் என்பதை மலேசியா ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கொண்டுவந்த 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை நம் நாடு 2013 ஆகஸ்ட் 20 அன்று ஏற்றது. 2014 ஆகஸ்ட் 20 முதல் அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே இந்த உரிமைகள் நியாயமா என்று விவாதிக்க நாங்கள் வரவில்லை. எப்போது நடக்கும் என்று கேட்க வந்திருக்கிறோம். கன்டெய்னர் கப்பல் துறையில் நிற்பது பெரும்பாலும் ஒரு நாளுக்கும் குறைவு. அங்கே ஒரு நாள் தாமதமாகும் அனுமதி, மறுக்கப்பட்ட அனுமதிதான். கீழ்வரும் 14 கோரிக்கைகளும் இந்த ஓர் உண்மையிலிருந்து எழுந்தவை.

1. கப்பல் கட்டுமுன் கரை அனுமதி முடிவாகட்டும்

கப்பல் தலைவரும் ஏஜெண்டும் பணியாளர் பட்டியலைக் குடிநுழைவு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 1959/63-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்திலேயே உள்ள கடமை. அந்தப் பட்டியல் கப்பல் வந்து சேருமுன்பே மின்வழியில் வரவேண்டும். சரிபார்ப்பு அப்போதே முடிய வேண்டும். கப்பலின் இறங்குபாலமான கேங்வே இறங்கும்போது, கரை அனுமதிச் சீட்டான ஷோர் பாஸ் தயாராக இருக்க வேண்டும். கேங்வே தலைப்பில் ஒரு பலகை தொங்கும். கப்பல் எத்தனை மணிக்குப் புறப்படும், எத்தனை மணிக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். விடியற்காலை 4 முதல் 8 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் காவல் பார்க்கும் மாலுமிக்கு, இடைப்பட்ட எட்டு மணி நேரம்தான் தூக்கத்துக்கும் கரைக்கும் சேர்த்துக் கிடைப்பது. அவருடைய பாஸ் மாலை 4 மணிக்கு வந்தால், அவர் மறுபடி காவலுக்கு ஏறியிருப்பார். அடுத்த ஓய்வில் கப்பல் மலாக்கா நீரிணையில் இருக்கும். பட்டியலை முன்கூட்டி வாங்கப் புதிய சட்டம் தேவையில்லை, உத்தரவு போதும். 3 மாதத்துக்குள் அதைப் பிறப்பியுங்கள்.

2. கரையில் கால் வைக்க விசா கேட்க வேண்டாம். மறுத்தால் எழுத்தில் காரணம் தாருங்கள்

கரை விடுப்புக்குக் கப்பல் பணியாளரிடம் விசா கேட்கக் கூடாது என்பது 1965-இல் லண்டனில் உருவான கடல் போக்குவரத்து எளிமையாக்க உடன்படிக்கையின் விதி. 2025 ஜூனில் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைத் திருத்தங்களும் இதையே சொல்கின்றன. அவை 2027 இறுதியில் நடைமுறைக்கு வர வேண்டியவை. அதுவரை காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியச் சுற்றுப்பயணி விசா இல்லாமல் 30 நாள் வரை நம் நாட்டில் தங்கலாம். அதே ஊரிலிருந்து கப்பலில் வந்தவர் ஆறு மணி நேரம் கரையில் நடப்பதற்கு அதைவிடக் கடினமான வாசல் இருக்க நியாயமில்லை. எந்த நாட்டுக் கடப்பிதழ் என்பது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகக் கூடாது. ஒருவரை மறுக்க வேண்டியிருந்தால், அந்தத் தனி மனிதரைக் குறித்த காரணத்தை எழுதி, அதிகாரி பெயரிட்டு, கப்பல் புறப்படுமுன் அவர் கையில் கொடுக்க வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, ஒரு வகுப்பாருக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தருகிறது. நாடாளுமன்றம் கூடும்வரைகூடக் காக்க வேண்டியதில்லை.

3. கப்பலிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து ஊருக்கும் வண்டி வேண்டும்

பாஸ் கிடைத்தவர்கூட, கிரேனும் லாரியும் ஓடும் கன்டெய்னர் முனையத்துக்குள் கால்நடையாகப் போக முடியாது, போகவும் கூடாது. பூலாவ் இண்டாவில் உள்ள வெஸ்ட்போர்ட்ஸிலிருந்து கிள்ளான் நகரம் எட்டத்தில் இருக்கிறது. வாடகை வண்டிக்காரர் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, பாதி நேரத்தைச் சாலையில் கழித்துவிட்டு, ஒரு சிம் கார்டும் ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கித் திரும்பினால் அதற்குப் பெயர் கரை விடுப்பு ஆகாது. 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அனைத்துலகக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு, பணியாளர் கரை இறங்குவதற்கும் நலத் தொண்டர்கள் கப்பலுக்கு வருவதற்கும் ஒவ்வொரு முனையத்தின் பாதுகாப்புத் திட்டத்திலும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஏற்பாட்டைக் காகிதத்திலிருந்து சாலைக்குக் கொண்டுவாருங்கள். கப்பலோரத்திலிருந்து வாசல்வரை இலவச வேன்; வெஸ்ட்போர்ட்ஸ், நோர்த்போர்ட் வாசல்களிலிருந்து கிள்ளான் லிட்டில் இந்தியா, ரயில் நிலையம், மருத்துவமனை வழியாகக் குறித்த நேரத்தில் ஓடும் பேருந்து. இது 6 மாத வேலை.

4. பணியில் சேரவும் பணி முடித்து இறங்கவும் ஒரே முகப்பு

கப்பலில் சேர வரும் பணியாளர் சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கி, சாலை வழியே துறைமுகத்துக்கு வருகிறார். ஒப்பந்தம் முடித்தவர் அதே வழியில் திரும்பிப் போகிறார். 2024 ஜனவரி 1 முதல் மின்னியல் வருகை அட்டை கட்டாயமாகியிருக்கிறது. 2025 முதல் நுழைவாயில்களின் பொறுப்பு ஏ.கே.பி.எஸ். வசம் வந்திருக்கிறது. பல துறைகள் பார்த்த வேலையை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதே அந்த நிறுவனம் தோன்றியதன் நோக்கம். அந்த நோக்கம் கப்பல் பணியாளருக்கும் பயன்பட வேண்டும். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் கப்பல் பணியாளருக்கென்று தனி முகப்பு திறக்கப்பட வேண்டும். என்னென்ன தாள்கள், எவ்வளவு கட்டணம், எத்தனை மணி நேரம் என்பதை ஒரே பக்கத்தில் அச்சிட்டு முகப்பில் ஒட்ட வேண்டும். ஒட்டியதற்கு மேல் ஒரு தாளும் கேட்கக் கூடாது, ஒரு காசும் வாங்கக் கூடாது. சேர வேண்டியவர் ஒரு நாள் தாமதித்தால், ஒன்பது மாதம் கடலில் கழித்துவிட்டுப் பெட்டியைக் கட்டி வைத்திருப்பவர் இறங்க முடியாமல் மறுபடி கடலுக்குப் போகிறார்.

5. உயிருக்கு முன் தாள் கேட்காதீர்கள்

நோயுற்ற மாலுமியை உடனே கரையிறக்கிச் சிகிச்சைக்கு அனுப்புவது துறைமுக நாட்டின் கடமை என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது. நெஞ்சுவலி, எரிகாயம், இயந்திர அறையில் நசுங்கிய விரல், இவற்றில் எதுவும் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. கப்பல் தலைவரோ மருத்துவரோ அவசரம் என்று அறிவித்தால் ஆம்புலன்ஸ் நேராகக் கப்பலோரம் வர வேண்டும். நோயாளி தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் போன பிறகு குடிநுழைவு அதிகாரி அங்கே வந்து தாளை முடிக்கலாம். அயல்நாட்டவர் கட்ட வேண்டிய முன்பணத்தைக் கப்பல் நிறுவனத்தின் ஏஜெண்ட் பொறுப்பேற்க வேண்டும். பணம் வரவில்லை என்று சிகிச்சை நிற்கக் கூடாது. பல்வலிக்கும் கண்வலிக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவரைப் பார்க்க விரும்புகிறவருக்கும் அதே நாளில் அனுமதி கிடைக்க வேண்டும். இந்த உத்தரவு ஒரு பக்கத்துக்கு மேல் வராது. 30 நாளில் எதிர்பார்க்கிறோம்.

6. கடப்பிதழ் அதன் உரிமையாளரிடமே இருக்கட்டும்

பணி மாறும் நாட்களில் பணியாளர்கள் விடுதிகளில் தங்குகிறார்கள். அப்போது கடப்பிதழையும் பணிப் பதிவேடான சி.டி.சி.யையும் ஏஜெண்ட் வாங்கி வைத்துக்கொண்டால், பணியாளர் வாசலுக்கு வெளியே போகவும் அஞ்சுவார். வழியில் சோதனை நடந்தால் காட்ட எதுவும் இருக்காது. மற்றவருடைய கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பதிவுக்காக வாங்கப்படும் ஆவணங்கள் அதே நாளில் திருப்பித் தரப்பட வேண்டும். வாங்கும்போதே ரசீது தரப்பட வேண்டும். மீறும் ஏஜெண்டின் உரிமத்தைத் துறைமுக வாரியம் நிறுத்தி வைக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தொடங்கும் தேதிதான் தெரிய வேண்டும்.

7. கைவிடப்பட்ட கப்பலில் மனிதரைக் கைவிடாதீர்கள்

ஊருக்கு அனுப்பும் செலவை முதலாளி ஏற்க மறுத்தாலோ, உணவும் தண்ணீரும் இல்லாமல் விட்டாலோ, இரண்டு மாதச் சம்பளம் தராமல் தொடர்பைத் துண்டித்தாலோ, அந்தப் பணியாளர் கைவிடப்பட்டவர் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வரையறுக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கப்பலும் இதற்கான நிதி உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும். அதன் சான்றிதழ் கப்பலில் எல்லார் கண்ணுக்கும் படும் இடத்தில் இருக்க வேண்டும். நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கி, உணவு, எரிபொருள், மருத்துவம், ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதில் அடங்கும். இருந்தும் 2024-இல் உலகெங்கும் 300-க்கும் மேற்பட்ட கப்பல்களில் 3,000-க்கும் மேற்பட்ட மாலுமிகள் கைவிடப்பட்டார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்தியர்கள். மலேசியக் கடற்பரப்பில் அப்படி ஒரு கப்பல் தெரியவந்தால் 48 மணி நேரத்துக்குள் கடல்துறை அதிகாரி ஏறிப் பார்க்க வேண்டும். உணவும் நீரும் போக வேண்டும். கப்பல் பதிவான கொடி நாட்டுக்கும் காப்பீட்டாளருக்கும் தூதரகத்துக்கும் தகவல் போக வேண்டும். குடிநுழைவுத் துறை கட்டணமில்லாச் சிறப்புப் பாஸ் கொடுத்து வீட்டுக்கு வழி திறக்க வேண்டும். முதலாளியும் கொடி நாடும் கைவிரித்தால், நம் நாடே அவர்களை அனுப்பிவிட்டுச் செலவைக் கொடி நாட்டிடம் வசூலிக்க உடன்படிக்கை இடம் தருகிறது. விளக்கெரிக்க எரிபொருள் இல்லாத கப்பலில் மழைநீரைப் பிடித்துக் குடிப்பவரிடம் அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்று எந்தத் துறையும் சொல்லக் கூடாது.

8. கப்பல் பிடிபட்டால் பணியாளர் பிணைக்கைதி ஆகக் கூடாது

அனுமதியின்றி நங்கூரமிட்ட கப்பல்களை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் 1952-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி தடுத்து வைக்கிறது. கடன் தகராறில் கப்பல்கள் நீதிமன்ற உத்தரவால் கட்டிப் போடப்படுகின்றன. சட்டத்தை அமல்படுத்துவது சரிதான். ஆனால் நங்கூரமிடும் இடத்தையும் கடன் வாங்கும் வங்கியையும் சமையற்காரரும் எண்ணெய் போடுபவரும் முடிவு செய்வதில்லை. வழக்கில் பெயர் இல்லாத பணியாளர்களுக்குக் கரை அனுமதியும் ஊர் திரும்பும் அனுமதியும் வழக்கம்போல் கிடைக்க வேண்டும். கப்பலைப் பாதுகாக்க ஆள் வேண்டுமென்றால் மாற்றுப் பணியாளரை அமர்த்தும் கட்டளை முதல் மாதத்திலேயே வர வேண்டும். மாலுமியின் சம்பளப் பாக்கிக்குக் கப்பலின் மீதே முன்னுரிமை உண்டு என்பது கடல்சட்டத்தின் பழைய விதி. கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் 2010 முதல் கடல்வழக்குகளுக்குத் தனிப் பிரிவு இயங்குகிறது. அங்கே சம்பள வழக்குத் தொடுக்க வரும் மாலுமிக்குச் சட்ட உதவியும், வழக்கு முடியும்வரை தங்கும் அனுமதியும், அல்லது ஊரிலிருந்தே காணொளியில் சாட்சி சொல்லும் வசதியும் தரப்பட வேண்டும்.

9. பாதிக்கப்பட்ட மாலுமியைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பாதீர்கள்

பூச்சோங்குக்கு அடுத்தாற்போல் புக்கிட் ஜாலில் குடிநுழைவுத் தடுப்பு முகாம் இருக்கிறது. அதன் மதில் ஓரமாக நாங்கள் தினமும் வேலைக்குப் போகிறோம். மருத்துவமனையில் கிடந்தபோது கப்பல் புறப்பட்டுவிட்டதால், அல்லது முதலாளி டிக்கெட் எடுக்காததால், அனுமதி நாள் கடந்துபோன மாலுமி ஒருவரும் அந்த மதிலுக்குப் பின்னால் போகக் கூடாது. அனுமதியின்றி நுழைந்தவருக்குக் குடிநுழைவுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு 10,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடம் தருகிறது. பிறர் செய்த தவற்றுக்கு அந்தத் தண்டனையின் நிழல்கூட இவர்கள் மேல் விழக் கூடாது. இத்தகையவர் என்று தெரிந்த உடனே சிறப்புப் பாஸ் கொடுங்கள். விடுதிச் செலவைக் கப்பல் நிறுவனத்திடமோ ஏஜெண்டிடமோ வசூலியுங்கள். 24 மணி நேரத்துக்குள் தூதரகத்துக்குச் சொல்லுங்கள். இப்போதே முகாம்களில் இருக்கும் கப்பல் பணியாளர்களைக் கணக்கெடுத்து 30 நாளில் முடிவு சொல்லுங்கள்.

10. ஏமாற்றப்பட்டு வந்தவர் புகார்தாரர், குற்றவாளி அல்லர்

கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, ஊரில் நிலத்தை அடகு வைத்துக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, சுற்றுப்பயணி என்ற பெயரில் இளைஞர்களை அயல்நாட்டுக்கு அனுப்பிவிடும் தரகர்கள் இருக்கிறார்கள். வேலைக்காகப் பணியாளரிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்பது உடன்படிக்கையின் விதி. மாலுமிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மலேசியத் துறைகளும் இந்தியக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகமும் பதிவு பெற்ற முகவர் பட்டியலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கப்பலில் சேர வருகிறேன் என்று சொல்லும் இளைஞரின் கப்பல் பெயரும் ஏஜெண்ட் பெயரும் நுழைவாயிலிலேயே சரிபார்க்கப்பட வேண்டும். தவறு தெரிந்தால் அவரை மிரட்டித் திருப்பி அனுப்பாமல் வாக்குமூலம் வாங்குங்கள். கட்டாய உழைப்புக்கு ஆளானவரை 2007-ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாத்து, தரகர் மீது வழக்குத் தொடுங்கள். ஒவ்வொரு மாதத் தாமதமும் அந்தத் தரகருக்கு இன்னொரு மாத வருமானம்.

11. புகார் சொல்ல ஓர் எண், புரியும் மொழியில்

கப்பலில் நடக்கும் அநியாயத்தைக் கரையிலுள்ள அதிகாரியிடம் சொல்லும் உரிமையை உடன்படிக்கை தந்திருக்கிறது. சொன்னவர் பெயர் வெளியே போகக் கூடாது என்றும் அது கட்டளையிடுகிறது. கடல்துறையின் தலைமையகம் போர்ட் கிள்ளானிலேயே இருக்கிறது. ஆகவே இங்கே தொடங்குங்கள்: 24 மணி நேரமும் ஆள் எடுக்கும் ஒரு தொலைபேசி எண், அதே எண்ணில் வாட்ஸ்அப், மலாய், ஆங்கிலம், தமிழ், இந்தி, வங்காளம், பர்மியம், தகலோக், மாண்டரின் ஆகிய மொழிகளில் ஒரு சுவரொட்டி. அது ஒவ்வொரு முனைய வாசலிலும் ஏஜெண்ட் வேனுக்குள்ளும் இருக்க வேண்டும். கப்பல் புறப்படுமுன் விசாரணை அதிகாரி பேச வேண்டும். புறப்பட்டபின் வரும் பதிலால் பயனில்லை. மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தமிழும் மலாயும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள் எங்கள் தெருவெல்லாம் இருக்கிறார்கள். பட்டியல் தர அணியமாக இருக்கிறோம்.

12. பூலாவ் இண்டாவில் மாலுமி நல மையம்

நகரத்துக்குப் போக நேரமில்லாதவருக்கு நகரத்தின் சில பொருள்களாவது வாசலருகே கிடைக்க வேண்டும். இலவச இணையம், சிம் கார்டு, பணம் மாற்றும் இடம், ஊருக்குப் பணம் அனுப்பும் வசதி, மருந்துக் கடை, சுடச்சுடச் சோறு, எல்லாச் சமயத்தாரும் உட்கார ஓர் அமைதியான அறை. இவை ஒரு கடைவீட்டு அளவுக் கட்டடத்தில் அடங்கும். துறைமுகங்களில் இத்தகைய மையங்கள் எல்லா நாட்டவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் நான்காம் தலைப்பில் வரும் விதி. கப்பல்களிடம் வசூலிக்கும் துறைமுகக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்கினால் அரசுக் கருவூலத்தைத் தொட வேண்டியதில்லை. நிர்வாகக் குழுவில் துறைமுக வாரியம், கப்பல் நிறுவனங்கள், தொழிற்சங்கம், வட்டாரக் குடிமக்கள் நால்வரும் இருக்க வேண்டும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் தொண்டர்களுக்கு ஆண்டு வாசல் அனுமதி தர வேண்டும். இடத்தை 6 மாதத்தில் அறிவித்து, ஓராண்டில் கதவைத் திறங்கள்.

13. அடுத்த பேரிடருக்கு முன் சட்டத்தில் எழுதுங்கள்

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நாமெல்லாம் வீட்டுக்குள் இருந்தோம். அரிசியும் மருந்தும் முகக்கவசமும் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்களில் உலகெங்கும் ஏறத்தாழ 4 லட்சம் பேர் ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள். எல்லைகள் மூடப்பட்டபோது மாலுமிகளுக்கென ஒரு கதவு விடப்படாததே காரணம். கப்பல் பணியாளர் இன்றியமையாப் பணியாளர் என்பதையும், எந்த அவசரநிலையிலும் பணி மாற்றமும் மருத்துவமும் நிற்காது என்பதையும் ஒழுங்குவிதியாக இப்போதே எழுதுங்கள். நெருக்கடி வந்தபின் கூட்டம் போட்டு முடிவெடுப்பதன் விலையை அந்த 4 லட்சம் குடும்பங்கள் கொடுத்துவிட்டன.

14. கணக்கை மாதந்தோறும் வெளியிடுங்கள்

எத்தனை பேர் கரை அனுமதி கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, கப்பல் கட்டியதிலிருந்து எத்தனை மணி நேரத்தில் கிடைத்தது, எத்தனை பேருக்கு என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது, கைவிடப்பட்ட கப்பல்கள் எவை, அவற்றில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்: இந்த ஆறு கேள்விக்கும் விடை மாதந்தோறும் வெளிவர வேண்டும். கன்டெய்னர் எத்தனை ஏறியது, எத்தனை இறங்கியது என்பதைத் துறைமுகம் பெருமையோடு வெளியிடுகிறது. பெட்டியை எண்ணத் தெரிந்த இடத்தில் மனிதரையும் எண்ண முடியும். முதல் கணக்கு 3 மாதத்துக்குள் வரட்டும்.

கால வரிசை

30 நாளில்: அவசர மருத்துவ உத்தரவு, தடுப்பு முகாம்களில் உள்ள கப்பல் பணியாளர் கணக்கெடுப்பும் முடிவும், புகார் எண். 3 மாதத்தில்: முன்கூட்டிய கரை அனுமதி, 55-ஆம் பிரிவு விலக்கு, கடப்பிதழ் ரசீது முறை, கைவிடப்பட்ட கப்பல்களுக்கான 48 மணி நேர நடைமுறை, முதல் மாதக் கணக்கு. 6 மாதத்தில்: தனி முகப்புகள், முனைய வேனும் பேருந்தும், பதிவு பெற்ற முகவர் பட்டியல் பகிர்வு, தடுக்கப்பட்ட கப்பல் பணியாளர்களுக்கான விதிகள், நல மையத்தின் இடம். ஓராண்டில்: நல மையத் திறப்பு, இன்றியமையாப் பணியாளர் ஒழுங்குவிதி.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. இருக்கும் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு, இருக்கும் முகப்பில் ஓர் அதிகாரி, இருக்கும் சாலையில் ஒரு பேருந்து போதும். மலேசிய இளைஞர்களும் மலாக்காவிலுள்ள கடல்சார் கழகத்தில் பயின்று உலகக் கப்பல்களில் வேலை பார்க்கிறார்கள். ரோட்டர்டாம், சந்தோஸ் துறைமுகங்களில் அவர்களுக்குக் கதவு திறக்க வேண்டும் என்று நாம் கேட்கும்போது, கிள்ளானில் நாம் திறந்திருக்கும் கதவுதான் நம் வாதம்.

இந்தச் சாசனத்தின் ஒவ்வொரு படியும் மேலே சொன்ன ஆறு இடங்களுக்கும் செல்கிறது. எங்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் செல்கிறது. ஒவ்வொரு துறையும் தன் பொறுப்பில் உள்ள கோரிக்கைக்கு நேராக ஆம் என்றும், தொடங்கும் தேதியையும் எழுதி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வரும் பதில்களையும் வராத பதில்களையும் தமிழிலும் மலாயிலும் அச்சிட்டு, பூச்சோங்கிலிருந்து போர்ட் கிள்ளான் வரை மக்கள் கூடும் இடங்களில் ஒட்டுவோம். 3 மாதம், 6 மாதம், ஓராண்டு முடியும்போது வெஸ்ட்போர்ட்ஸ், நோர்த்போர்ட் வாசல்களுக்கு நாங்களே சென்று, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்து எழுதுவோம். தேதியைக் குறியுங்கள், வேலையைத் தொடங்குங்கள்.

பூச்சோங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரக் குடிமக்கள்